விங் கமாண்டர் சம்சாரம்

அந்த நாளில் அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களுக்குள் நுழைந்து, "விங் கமாண்டர் வீடு எது?" என்று கேட்டால் போதும், கேட்ட வாய் மூடுவதற்குள் நாலு கை நீளும். விங் கமாண்டர் என்றால் என்ன உத்தியோகம், எத்தனை பேருக்கு மேலே, எத்தனை பேருக்குக் கீழே என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. "ஏரோப்பிளேன்ல பெரிய ஆளு" என்பார்கள். அதற்கு மேல் ஒருவருக்கும் தெரியாது. சரி, அவர் சம்சாரம் பஞ்சம்மாள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாலோ, "அவுகளுக்கு என்ன கொறைச்சல், மகராசி" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். ஊருக்கு அதுதான் சௌகரியம்.

பஞ்சம்மாளுக்கு என்ன குறைச்சல் என்று அவளைக் கேட்டிருந்தால் அவளும் சொல்லியிருக்க மாட்டாள். அது வேறு விஷயம்.

அவள் பிறந்தது திருச்சுழியில். அப்பா சௌடப்பன் கோயில் பக்கம் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை வைத்திருந்தார். நாற்பதாம் வருஷம் தை மாதம் அருப்புக்கோட்டைத் திம்மையா மகன் சென்னய்யாவுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். திம்மையா வீட்டில் நாலு தறி ஓடியது. ஒரே மகன். மதுரையில் காலேஜ் படித்து பி.எஸ்ஸி. முடித்திருந்தான். தாலுகா ஆபீசில் ஒரு நாற்காலி கிடைத்துவிடும், பையன் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று திம்மையா கணக்குப் போட்டு வைத்திருந்தார். பையன் வேறு கணக்குப் போட்டிருந்தான். சண்டைக் காலம். படித்த பையன்களுக்குச் சர்க்காரே விமானம் ஓட்டக் கற்றுத் தருகிறது என்று பேப்பரில் பார்த்துவிட்டு, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் மெட்ராஸ் போய்ப் பரீட்சை எழுதித் தேறிவிட்டு வந்து நின்றான்.

"தறியில நாடா ஓடுறதைப் பாத்துக்கிட்டு அரை மணி நேரம் உக்கார மாட்ட. நீ ஆகாசத்துல ஓட்டப் போறியாக்கும்!" என்றார் திம்மையா. அவ்வளவுதான் அவர் சண்டை. அம்மா வெங்கடம்மாள்தான் மூன்று நாள் சாப்பிடாமல் படுத்துக் கிடந்தாள். பஞ்சம்மாளை யாரும் கேட்கவில்லை. கல்யாணமாகி எட்டு மாதம், பதினேழு வயசு, அவளை யார் கேட்பார்கள்? லாகூருக்குப் போகிறவரின் பெட்டியில் வேட்டிகளை மடித்து வைத்தாள். அங்கே வேட்டியே கட்டக் கூடாது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஆறு மாதம் கழித்து அந்த வேட்டிகள் மடிப்புக் கலையாமல் பார்சலில் திரும்பி வந்தன.

அதற்குப் பிறகு அவளுக்கு வாழ்க்கை என்றால் கடிதம்தான். அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. அந்த நெசவாளர் குலத்து ஜனங்கள் வீட்டுக்குள் பேசுவது கன்னடம். வாசல் தாண்டினால் தமிழ். கன்னடத்தில் அவர்களுக்கு ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. எழுதுவதும் படிப்பதும் தமிழில்தான். ஆக, எட்டு மாதம் தன் காதருகே கன்னடத்தில் பேசிய மனிதர் கடிதத்தில் தமிழில் பேசினார். 'சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு எழுதவும்.' யாரோ ஒரு வாத்தியார் எழுதிய மாதிரி இருக்கும். பஞ்சம்மாள் ஒவ்வொரு வரியையும் மனசுக்குள் கன்னடத்துக்கு மாற்றிச் சொல்லிப் பார்ப்பாள். அப்போதுதான் அவர் குரல் வரும்.

சென்னய்யா ஆகாசத்தில் கெட்டிக்காரராகத்தான் இருந்திருக்க வேண்டும். முதலில் பைலட் ஆபீசர் ஆனார். மறு வருஷம் ஃபிளையிங் ஆபீசர் என்று கடிதம் வந்தது. "அப்ப இம்புட்டு நாளு பறக்காம என்ன செஞ்சானாம்?" என்று பக்கத்துத் தெரு நல்லகண்ணு கேட்டு, தெருவே சிரித்தது. பிறகு ஃபிளைட் லெஃப்டினன்ட். ஒவ்வொரு பட்டம் வரும்போதும் திம்மையா தெருவுக்கெல்லாம் வெல்லம் கொடுப்பார். பஞ்சம்மாளும் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, இந்தப் பட்டத்துக்கு இன்னும் எத்தனை மைல் தூரமோ என்று நினைத்துக்கொள்வாள். லாகூர் போய் அம்பாலா ஆயிற்று. அம்பாலா போய் பர்மா எல்லை ஆயிற்று.

நடுவில் ஒரே ஒரு தடவை, நாற்பத்திரண்டு கார்த்திகையில், இருபது நாள் லீவில் வந்தார். மறு ஆவணியில் பெண் பிறந்தது. குலசாமி பேராகச் சௌடம்மா என்று வைத்தார்கள். தகப்பன் பர்மா எல்லையில் இருந்தார்.

இனிமேல் பஞ்சம்மாளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: அவர் பிள்ளையைப் பார்க்க வேண்டும். தன்னைப் பார்க்காவிட்டால் போகிறது. பிள்ளைக்குப் பல் முளைத்தது, நடந்தது, விழுந்தது, அம்மாவைப் பார்த்துப் பாட்டியை 'அத்தை' என்றது. ஒவ்வொன்றும் அவர் பார்க்காமலேயே நடந்து தீர்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது பொறுக்கவே இல்லை.

படம் பிடித்து அனுப்பு என்று அவர் எழுதாத கடிதம் கிடையாது. விருதுநகரில் படம் பிடிக்கும் கடை இருந்தது. பெட்ரோல் இல்லாமல் கரிப் புகையில் ஓடுகிற பஸ்ஸில் ஏறி மூச்சு முட்டப் போனால் ஒரு காலை வேளை வேலை. ஆனால் வெங்கடம்மாள் ஒரே பிடியாக நின்றாள்.

"ரெண்டு வயசு முடியாத பிள்ளைய படம் பிடிச்சா ஆயுசு கொறையும். என் பேத்திய எவன் பொட்டிக்குள்ளயும் அடைக்க விட மாட்டேன். அவன் வந்து பாத்துக்கிடட்டும், என்ன அவசரம்?"

"அவுக ஆசைப்படுறாக, அத்தை."

"ஆசைப்பட்டா லீவு போட்டு வரச் சொல்லு!"

மாமியாரோடு மல்லுக்கு நிற்கிற பெண் இல்லை பஞ்சம்மாள். ஆவணி வந்தால் ரெண்டு வயசு முடிந்துவிடும், அப்போது பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். பிள்ளை பிறந்ததற்கு அவர் லாகூர் ஆள் ஒருவன் மூலம் ஒரு பச்சைச் சேலை அனுப்பியிருந்தார். நெசவாளி வீட்டுக்கு வெளியூர்ச் சேலை! திம்மையா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நம்ம வீட்டுப் பொம்பளைக்கு லாகூர்க்காரன் நெய்யணுமாக்கும். வெளிய கட்டிறாத தாயி, ஊரு சிரிக்கும்" என்றார். சேலை பெட்டிக்குள் போயிற்று.

நாற்பத்தைந்து மாசியில் அந்தக் கடிதம் வந்தது. புது விமானம் எடுத்துப் போக ஒரு வாரம் தஞ்சாவூர் விமானத் தளத்துக்கு வந்திருக்கிறார். லீவு ஒரு மணி நேரம்கூடக் கிடையாது. ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் தஞ்சாவூரிலிருந்து கயத்தாறுத் தளத்துக்கு ஒரு விமானத்தை ஓட்டிப் போகிறார். வழியில் திருச்சுழியில் குண்டாற்றை அடையாளம் பார்த்து, ரோட்டைப் பிடித்துக்கொண்டு வந்தால் அருப்புக்கோட்டை. 'சரியாக ஒன்பது மணிக்கு நம் தெருவுக்கு மேல் தாழப் பறப்பேன். நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவின் கிழக்குக் கோடியில் நில். மேலேயிருந்து எல்லாத் தெருவும் ஒன்று போலத்தான் இருக்கும். அதனால் அப்பாவிடம் சொல்லி சிவப்பு நூல் பாவு ஒன்றை மட்டும் சுருட்டாமல் தெருவில் நீட்டியே வைக்கச் சொல். இப்படித் தாழப் பறப்பது சட்டப்படி தப்பு. தெரிந்தால் என் உத்தியோகத்துக்கே ஆபத்து. வேறு யாருக்கும் சொல்லாதே.'

மனுஷன் யோசித்துத்தான் எழுதியிருந்தார், குற்றம் சொல்ல முடியாது. தறியில் ஏற்றுகிற நெடுக்கு நூல் இருக்கிறதே, அதுதான் பாவு. விடிவதற்கு முன்னால் தெரு நீளத்துக்கு அதை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, எட்டு மணிக்குள் சுருட்டிவிடுவார்கள். வெயில் ஏறினால் நூல் மொடமொடத்து அறுந்துவிடும். ஆகவே ஒன்பது மணிக்கு எல்லாத் தெருவும் காலியாக இருக்கும், நம் தெருவில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு கிடக்கும், அதைப் பிடித்து இறங்கலாம். நெசவாளி மகனைத் தவிர வேறு எவனுக்கு இந்த யோசனை வரும்?

ஆனால் அதே நெசவாளி மகன் ஒன்றை மறந்துவிட்டார். பாவு நீட்டுவது ஒருத்தர் ரெண்டு பேர் வேலையா? எட்டு ஆள் வேண்டும். அந்த எட்டுப் பேரும் கேட்பார்களே, 'வெயில்ல எதுக்கு மாமா காயப் போடுறீக?' என்று! பஞ்சம்மாள் மாமியாரிடம் மட்டும்தான் சொன்னாள். வெங்கடம்மாள் புருஷனிடம் மட்டும்தான் சொன்னாள். திம்மையா அந்த எட்டுப் பேரிடம் மட்டும்தான் சொன்னார், அதுவும் சத்தியம் வாங்கிக்கொண்டு.

வியாழக்கிழமை சாயங்காலம் நல்லகண்ணு நேரே வந்துவிட்டார்.

"ஏன் திம்மையா, சென்னய்யா உனக்கு மட்டுந்தான் மகனா? நாங்க தூக்கி வளக்கலையா? உங்க தெருவுல மட்டும் பாவு விரிச்சு அவனைக் கூப்புடுவீக, நாங்க வேடிக்க பாக்கணுமா?"

"அது இல்லப்பா, அடையாளத்துக்கு..."

"என்ன அடையாளம்? எங்க தெருவுலயும் செவப்புப் பாவு விரிக்கத்தான் போறோம். அவன் எந்தத் தெருவுக்கு மேல வந்தாலும் நம்ம ஊருதானே!"

அந்தச் சமயத்தில் நூலுக்குக் கன்ட்ரோல். ஒரு சிட்டம் நூலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். அப்படிப்பட்ட காலத்தில் அந்த ஜனங்கள் என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? இருந்த நூலையெல்லாம் எடுத்தார்கள். வெள்ளையாக இருந்ததை ராவோடு ராவாகச் சாயத்தில் முக்கினார்கள். வெள்ளிக்கிழமை விடிந்தபோது பத்துப் பன்னிரண்டு தெருவிலும் கோடு கோடாகச் சிவப்புப் பாவு. எட்டு மணியாயிற்று, ஒருவரும் சுருட்டவில்லை. நூல் வெயிலில் படக் படக்கென்று அறுந்தது, ஒருவர் முகமும் சுளிக்கவில்லை. அன்பு மிஞ்சிப் போனால் இப்படித்தான் புத்தி வேலை செய்வதில்லை. பஞ்சம்மாள் தெருக் கோடியில் வந்து நின்று அடுத்த தெருவைப் பார்த்ததும் மாமனாரிடம் ஓடினாள்.

"மாமா, எல்லாத் தெருவுலயும் செவப்பால்ல கெடக்கு! அவுகளுக்கு எப்படித் தெரியும்?"

திம்மையாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. ஓடினார். "சுருட்டுங்கப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!" என்று கத்தினார். எட்டு ஆள் சுருட்டுகிற பாவை எத்தனை தெருவில் எத்தனை நிமிஷத்தில் சுருட்டுவது? அதற்குள் வடகிழக்கே சத்தம் கேட்டுவிட்டது.

பச்சைச் சேலையைத்தான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள் அவள். ஊரே கூடி நிற்கிற அன்றைக்கு மாமனார் தறியை அவமானப்படுத்தலாமா? வீட்டுத் தறியில் நெய்த மஞ்சள் சேலையைத்தான் கட்டியிருந்தாள். பிள்ளைக்கு மஞ்சளிலேயே சட்டை. ஆடுகள் கட்டுக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, கோழிகள் கூரை ஏற, விமானம் திருச்சுழி ரோட்டோடு தாழ வந்தது. பஞ்சம்மாள் ரெண்டு கையாலும் பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கினாள். தெருவில் நின்றவர்கள் எல்லாம் துண்டை வீசினார்கள், கூவினார்கள், பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். விமானம் ஊரை ஒரு சுற்றுச் சுற்றியது. ரெண்டாவது சுற்றுச் சுற்றியது. தேடுகிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "இங்க, இங்க!" என்று கன்னடத்தில் கத்தினாள், அவருக்கு என்னமோ கேட்டுவிடப் போகிற மாதிரி. மூன்றாவது சுற்றில் விமானம் நன்றாகத் தாழ்ந்து, நல்லகண்ணு தெருவுக்கு நேர் மேலே, இறக்கையை ஒரு பக்கம் சாய்த்து ஆட்டிவிட்டு, தெற்கே கயத்தாற்றுப் பக்கம் போய்விட்டது.

ஊருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்குத்தான் கையாட்டினான் என்று நாற்பது பேர் சொன்னார்கள். வெங்கடம்மாள், "பாத்துட்டான்! எம் மகன் பிள்ளையப் பாத்துட்டான்!" என்று அழுதுகொண்டே பேத்தியை வாங்கிக்கொண்டாள். பஞ்சம்மாளுக்குக் கை ரெண்டும் கடுத்தது. வீட்டுக்குள் போனாள்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. 'பச்சைச் சேலையில் உன்னை நன்றாகப் பார்த்தேன். பிள்ளை கையை ஆட்டினாள். கண் நிறைந்துவிட்டது. அந்த நிறைவோடு பர்மா போகிறேன்.'

படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு நல்லகண்ணு தெருக் கோடியில், இடுப்பில் மகனை வைத்துக்கொண்டு பச்சைச் சேலையில் நின்றது யார் என்று அவளுக்குத் தெரியும். நல்லகண்ணு மருமகள் குருவம்மாள். அவளைத்தான் பார்த்திருக்கிறார். அவள் மகனைத்தான் தன் மகள் என்று நினைத்துக் கண் நிறைந்து போயிருக்கிறார். பஞ்சம்மாளுக்கு வந்த ஆத்திரம் இவ்வளவு அவ்வளவு இல்லை. பெண்டாட்டி எது, அடுத்த தெருக்காரி எது என்று தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எப்படிக் குண்டு போடுகிறார்? ஒரு பாவமும் அறியாத குருவம்மாள் மறுநாள் தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்து, "என்னக்கா, சொகமா?" என்று கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அன்றோடு அந்தப் பேச்சு நின்றது.

அவருக்கு உண்மையை எழுதவில்லை. சண்டைக்குப் போகிறவர், ஏதோ ஒரு சந்தோஷத்தோடு போகிறார். திரும்பி வந்து நிஜப் பிள்ளையைப் பார்த்தால் தானே தெரிந்துபோகிறது. அப்போது நன்றாக நாலு கேள்வி கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

வைகாசியில் ஊரில் அம்மை இறங்கியது. சௌடம்மாவுக்கும் போட்டது. வாசலில் வேப்பிலை சொருகினார்கள். ஒன்பதாம் நாள் பிள்ளை போய்விட்டது. ரெண்டு வயசு முடிய மூன்று மாதம் இருந்தது.

தந்தி எங்கெங்கோ சுற்றிப் பர்மாவுக்குப் போய்ச் சேர ஒரு மாதமாயிற்று. பதில் கடிதத்தில் ஏழெட்டு வரிதான். 'அவளை ஒரு தடவை பார்த்துவிட்டேன் என்பது ஒன்றுதான் எனக்கு இப்போது இருக்கிற ஆறுதல்' என்று அதில் இருந்தது.

இனி எங்கே சொல்வது? பஞ்சம்மாள் வாயைப் பூட்டிக்கொண்டாள்.

பூட்டுவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வெங்கடம்மாள், படம் பிடிக்கக் கூடாது என்று ஆயுசுக்குப் பயந்தவள், பிள்ளையின் படம்கூட இல்லாமல் செய்துவிட்டோமே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கிடந்தாள். சண்டை முடிந்து நாற்பத்தாறில், ஸ்குவாட்ரன் லீடர் பட்டத்தோடு, முறுக்கு மீசையோடு வந்த மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பாவி, உன்னைப் பாக்க விடாம செஞ்சிட்டேன்" என்று கதறினாள். "நான்தான் பாத்துட்டேனேம்மா. மேல இருந்து நல்லாப் பாத்தேன். நீ எதுக்கு அழுவுற?" என்றார் அவர். அம்மா கொஞ்சம் ஆறினாள். அடுப்படியில் நின்று அதைக் கேட்ட பஞ்சம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அந்த ஒரு மாத லீவில் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் எல்லாம் பேசினார்கள், பிள்ளையைப் பற்றி மட்டும் ஒரு சொல் பேசவில்லை. அவர்தான் பார்த்துவிட்டாரே, அவருக்கு என்ன சொல்ல?

அம்பாலாவில் வீடு கொடுத்திருக்கிறார்கள், வா என்றார். புறப்படுகிற வாரத்தில் வெங்கடம்மாளுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. யார் பார்ப்பது? பஞ்சம்மாள் தங்கிவிட்டாள். பிறகு நாடு ரெண்டாயிற்று, காஷ்மீரில் சண்டை வந்தது. அவர் பனிமலைகளுக்கு மேலே சாமான் கொண்டு போனார், இவள் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டினாள். வேறு பிள்ளையும் உண்டாகவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவரோடு சேர்ந்திருந்த நாளை மாதத்தில் சொன்னால் ஒரு வருஷத்துக்குத் தேறாது. மகராசிக்கு இதுதான் குறைச்சல்.

நாற்பத்தொன்பது தை மாதம் விங் கமாண்டர் ஆகிவிட்டதாகக் கடிதம் வந்த நாலாம் நாள் வெங்கடம்மாள் செத்துப் போனாள். தந்தி பார்த்து அவர் மெட்ராஸ் வரைக்கும் விமானத்திலும், விருதுநகர் வரைக்கும் ரயிலிலும், அங்கிருந்து பஸ்ஸிலும் வந்து சேர்ந்தபோது எரித்து முடித்துவிட்டார்கள். காரியத்தன்று தலையையும் மீசையையும் சிரைத்தார்கள்.

காரியம் முடிந்த மறுநாளும் துக்கம் கேட்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். துக்கம் கேட்பதென்றால் தெரியுமே, முதல் ஐந்து நிமிஷம் செத்தவரைப் பற்றி, பிறகு ஊர்ப் பேச்சு. பேச்சு எப்படியோ அந்த வெள்ளிக்கிழமைக்குப் போயிற்று.

"மாப்ள, நீ வந்தது எங்க தெருவுக்கு மேலதான? இவனுக ஒத்துக்கிட மாட்டேங்கிறானுக" என்றார் நல்லகண்ணு.

"இல்ல, எங்க தெருதான். பஞ்சம்மா நின்ன எடத்துக்கு மேலதான் வந்தேன்" என்றார் விங் கமாண்டர். எல்லாரும் "ஆமாமா" என்றார்கள். அவர் முகம் ஒரு மாதிரி இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. பஞ்சம்மாள் கவனித்தாள்.

மத்தியானம் வீடு காலியானது. திம்மையா உள்ளே படுத்திருந்தார். தறி நாலும் துக்கத்துக்காக நிறுத்தியிருந்ததால் வீடு என்றுமில்லாத அமைதியாக இருந்தது. அவர் தறிக்குழிப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தார். பஞ்சம்மாள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். இனி ஒளித்து வைக்க அந்த வீட்டில் அத்தை இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டுப் பாஷையில்தான் பேசினார்கள். நமக்குத் தமிழில் சொன்னால்தானே விளங்கும்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கிறாதீக. அன்னைக்கு நான் பச்சைச் சேலை கட்டல. மஞ்சள். பிள்ளைக்கும் மஞ்சச் சட்டை. பச்சையில நின்னது குருவம்மா. அவ இடுப்புல இருந்தது அவ மகன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க பாத்தது நம்ம பிள்ளை இல்லைங்க."

"நான் யாரையுமே பாக்கல, பஞ்சம்மா" என்றார்.

"என்னது?"

"கீழ பூராச் செவப்பு. எந்தத் தெருன்னே தெரியல. மூணு சுத்து சுத்துனேன். அந்த வேகத்துல மனுசங்க எல்லாம் புள்ளியாத்தான் தெரிஞ்சாக. ஆம்பளையா பொம்பளையான்னுகூடத் தெரியல. இதுக்கு மேல சுத்துனா மேலிடத்துக்குத் தெரிஞ்சு போகும்னு ஏதோ ஒரு தெருவுக்கு மேல சாச்சு ஆட்டிட்டுப் போயிட்டேன். கயத்தாறு போற வரைக்கும் அழுதேன்."

"அப்ப பச்சைச் சேலைன்னு எழுதுனீகளே?"

"நான் அனுப்புன சேலை. அதைத்தான் நீ கட்டியிருப்பன்னு நெனச்சேன். நீ வெயில்ல காத்துக்கிட்டு நின்னிருப்ப, உன்கிட்டப் போய்ப் பாக்கலைன்னு எப்படி எழுதுறது? அப்புறம் அவ போயிட்டா. அதுக்கப்புறம் அம்மா. எப்பச் சொல்றது?"

பஞ்சம்மாளுக்கு வந்தது முதலில் கோபம்தான். தரையில் ஓங்கி அடித்தாள். "நாலு வருசம்! நாலு வருசமா அந்தக் குருவம்மா மூஞ்சில முழிக்காம இருக்கேன், நாசமாப் போற நான்! பொய்ய எழுதிட்டு நீங்க நிம்மதியா இருந்தீக..." என்றாள். நிம்மதியா என்று சொன்ன வாய் பாதியில் நின்றது. மீசையில்லாத அந்த முகத்தைப் பார்த்தாள். கல்யாணத்தன்று பார்த்த முகம் எங்கேயோ தெரிந்தது, அழுது வீங்கி. அவர் பார்க்கவே இல்லை. அந்தப் பிள்ளையை, ஒன்றே முக்கால் வருஷம் இந்த வீட்டில் ஓடி விளையாடிய பிள்ளையை, அதன் தகப்பன் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இனிப் பார்க்கவும் முடியாது. ஒரு படம்கூடக் கிடையாது.

"எப்படி இருந்தா?" என்று கேட்டார் அவர்.

நாலு வருஷத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை. ஊருக்குத்தான் எல்லாம் தெரியுமே. அவள் மூக்கைச் சிந்திவிட்டு, நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நெறம் என்னை மாதிரி இல்ல, உங்க நெறம். மூக்கும் உங்க மூக்குத்தான். மேல்பல்லு ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து. சோத்தை எடது கையாலதான் எடுப்பா, அத்தை அடிச்சுப் பாத்தாக, மாறல. தூங்குறப்ப என் காதைப் பிடிச்சுக்கிட்டாத்தான் தூங்குவா. தறி நின்னா அழுவா, சத்தம் இருந்தாத்தான் அவளுக்கு ஒறக்கம் வரும்."

"ம்."

"அன்னைக்கு நீங்க வந்தப்ப எல்லாப் பிள்ளையும் பயந்து கத்துச்சு. இவ கத்தல. அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தா. 'யாரு பாரு, அப்பா, அப்பா'ன்னு நான் சொன்னேன். நீங்க மறையிற வரைக்கும் பாத்தா. அதுக்கப்புறம் வானத்துல எது போனாலும் அவளுக்கு அப்பாதான். காக்கா போனாலும் அப்பா, பருந்து போனாலும் அப்பா. வைகாசி வரைக்கும் அப்படித்தான் கைய நீட்டிக் கூப்புட்டா."

விங் கமாண்டர் முகத்தை ரெண்டு கையாலும் மூடிக்கொண்டு குலுங்கினார். அந்த நேரம் பார்த்து, துக்கம் கேட்க வந்த யாரோ வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு, அம்மாவுக்காக இப்படி அழுகிற மகனைப் பார்த்ததில்லை என்று தெருவில் போய்ச் சொன்னார்கள். ஊரும் அப்படியே நம்பிக்கொண்டது.

"இன்னும் சொல்லு" என்றார் அவர், கையை எடுக்காமல்.

பஞ்சம்மாள் அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.